பசித்த தரப்பு

சமையற்கூடத்தின் கதவில் புதுப் பூட்டு தொங்கியது. அதற்கு மேலே, வழவழப்பான அட்டையில் அழகான எழுத்தில் ஓர் அறிவிப்பு: "உணவு நீதி வாரத்தை முன்னிட்டு இங்கே மதிய உணவு வழங்கப்படமாட்டாது. சிரமத்துக்கு வருந்துகிறோம். இப்படிக்கு, உணவு நீதி மன்றம்."

பெயிண்டர் அதை இரண்டு தடவை படித்தார். பக்கத்தில் அவருடைய மைத்துனன் கிளீனர், எந்தக் காலில் நிற்பது என்று தெரியாமல் மாறி மாறி நின்றுகொண்டிருந்தான். சர்க்கரை நோய் அவன் கண்ணையும் கொஞ்சம் தின்றிருந்தது. பூட்டு தெரிந்தது, எழுத்து தெரியவில்லை.

"என்ன மாமா போட்டிருக்கு?"

"கோர்ட்டு உத்தரவு மாதிரி இருக்கு மாப்ள. நீதிமன்றம் மூடச் சொல்லியிருக்கு."

"சோத்துக்கு எதுக்கு மாமா கோர்ட்டு?"

"நாம சாப்பிடறது மேல யாராவது கேஸ் போட்டிருப்பாங்க."

பெயிண்டர் ஒரு காலத்தில் நகரத்தின் உயரமான சுவர்களுக்கெல்லாம் வண்ணம் அடித்தவர். சாரத்திலிருந்து விழுந்து மணிக்கட்டு உடைந்தது. எலும்பு ஒட்டிக்கொண்டது, ஆனால் தன் இஷ்டத்துக்கு ஒட்டிக்கொண்டது. தோளுக்கு மேல் பிரஷைத் தூக்க முடியாதவனை எந்த மேஸ்திரியும் கூப்பிடுவதில்லை. கிளீனர் லாரியில் ஓடியவன். காலில் புண் வந்து ஆறாமல் போனதும் லாரி அவனை இறக்கிவிட்டுவிட்டுப் போய்விட்டது. இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த ஒரே உறவு ஒரு பெண். அவருக்கு மனைவி, அவனுக்கு அக்கா. அவள் காய்ச்சலில் போய்ச் சேருவதற்கு முன்னால் இருவரையும் தனித்தனியே கூப்பிட்டு ஒரே விஷயத்தைச் சொன்னாள். "அந்த ஆளுக்குத் தானா எடுத்துப் போட்டுச் சாப்பிடத் தெரியாது. கொஞ்சம் பாத்துக்கோ." அன்றிலிருந்து இருவரும் ஒரே அறையில், ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வதாக நினைத்துக்கொண்டு, நாள் முழுக்கச் சண்டை போட்டபடி வாழ்ந்துவந்தார்கள்.

நகராட்சியின் சமையற்கூடம்தான் அவர்களுக்கு மதியச் சாப்பாடு. கிளீனருக்கு அது மருந்தின் பாதி. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி இலவசமாகக் கொடுத்தார்கள். ஊசியை நிறுத்தினால் காலை எடுக்கவேண்டி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஊசி போட்ட அரை மணிக்குள் சாப்பிடாவிட்டால் உயிரே போகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசி கொடுத்தார்கள், சாப்பாடு கொடுக்கவில்லை. சமையற்கூடத்தில் சாப்பாடு கொடுத்தார்கள். இப்படி இரண்டு இலாகாக்கள் சேர்ந்து ஒரு மனிதனை உயிரோடு வைத்திருந்தன, ஒன்றுக்கொன்று தெரியாமலே.

"கோர்ட்டுன்னா முறையிடலாம்ல?" என்றான் கிளீனர். "வாங்க, போய்ச் சொல்லிப் பாப்போம்."

சமையற்கூடத்தை ஒட்டிய நகர மன்றக் கட்டடத்தில்தான் அந்த மன்றம் கூடியிருந்தது. வாசலில் பலூன் கட்டியிருந்தார்கள். கோர்ட்டில் பலூன் கட்டுவதில்லை என்பது பெயிண்டருக்கு உறுத்தியது. ஆனால் உள்ளே மேசை போட்டு, பச்சை மேலங்கி அணிந்த தொண்டர் ஒருவர் உட்கார்ந்து, "நீங்க எந்தத் தரப்பு?" என்று கேட்டதும் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

"வாதித் தரப்புங்க," என்றார் பெயிண்டர்.

தொண்டர் குழம்பினார். "அப்படி ஒண்ணு இல்லையே. கொள்கைத் தரப்பு இருக்கு, ஆய்வுத் தரப்பு இருக்கு, கொடையாளர் தரப்பு, அப்புறம் பசித்த தரப்பு. இதுல நீங்க எது?"

"கடைசியாச் சொன்னீங்களே, அது," என்றான் கிளீனர்.

தொண்டரின் முகம் மலர்ந்தது. எழுந்து உள்பக்கம் திரும்பி, "வந்துட்டாங்க! பசித்த தரப்பு வந்துட்டாங்க!" என்று கூவினார். மண்டபத்தில் எல்லாத் தரப்புக்கும் நாற்காலி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. பசித்த தரப்புக்கு ஒதுக்கிய வரிசை மட்டும் காலையிலிருந்து காலி. கொடையாளர்களுக்குப் படம் அனுப்ப முடியாமல் அலுவலகமே தவித்துக்கொண்டிருந்தது. இருவரின் கழுத்திலும் அட்டை மாட்டி, முன்வரிசையில் உட்காரவைத்து, எழுந்திருக்கவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

மன்றத்தின் செயலாளர் தானே வந்து கை கூப்பினார். நரைத்த கூந்தலை அழகாகக் கத்தரித்திருந்த அம்மாள். அவர் குரலில் இருந்த கனிவு பெயிண்டரைக் கூச வைத்தது. இப்படிப் பேசுகிறவரிடம் போய்ப் பூட்டைப் பற்றிச் சொல்வதா என்று தயங்கித்தான் சொன்னார்.

"அதைப் பத்தித்தாங்க உங்ககிட்ட மனசு விட்டுப் பேசணும்," என்றார் செயலாளர். "தினமும் சோறு போட்டுக்கிட்டே இருந்தா, ஜனங்க ஏன் நமக்குச் சோறு இல்லைன்னு யோசிக்கவே மாட்டாங்க. அது அவங்க சிந்தனையை மழுங்கடிக்குது. நாங்க சோறு போட வரலை. கேள்வியை எழுப்ப வந்திருக்கோம்."

"கேள்வி இருக்குங்கம்மா. எப்போ திறப்பீங்க?"

செயலாளர் கண்கள் பளபளக்கப் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். "பாத்தீங்களா? பூட்டி ஒரு நாள்கூட ஆகலை. கேள்வி எழும்பிடுச்சு."

"அது கோர்ட்டு இல்ல மாமா," என்று திரும்பி வரும்போது கிளீனர் சொன்னான். "கோர்ட்டுல இவ்வளவு அன்பாப் பேசமாட்டாங்க."

அடுத்த நாள்களிலும் போனார்கள். போகாமல் என்ன செய்வது? நகராட்சி மன்றத்திடம் ஒப்படைத்துவிட்ட சமையற்கூடத்துக்குள் அடுப்பை நகர்த்திவிட்டுச் சோபா போட்டு, கொடையாளர்களின் ஓய்வறையாக மாற்றியிருந்தார்கள். மண்டபத்தில் உட்கார்ந்திருந்தால் எப்படியும் ஒரு வேளை ஏதாவது கொடுக்காமலா போவார்கள் என்று ஒரு நப்பாசை. கொடுத்தார்கள். "உணவு உரிமை, பிச்சை அல்ல" என்று அச்சடித்த தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். கிளீனரின் ஊசிக்காகப் பெயிண்டர் தெரிந்த டீக்கடையில் நின்று, பழைய சிநேகத்தைச் சொல்லி, ஒரு பன்னோ பாதி ரொட்டியோ வாங்கிவருவார். முழுவதையும் அவனிடம் கொடுத்துவிட்டு, தான் கடையிலேயே தின்றுவிட்டதாகச் சொல்வார். அவன் நம்பாமல் பாதியைப் பிய்த்து நீட்டுவான். அதற்கு ஒரு சண்டை.

மண்டபத்தில் அன்றாடம் பல அமர்வுகள். 'செவிமடுக்கும் வட்டம்' என்று ஒன்று. எல்லாரும் வட்டமாக உட்காரவேண்டும், பசித்த தரப்பு செவிமடுக்கவேண்டும். முதலில் ஆய்வாளர் ஒருவர் 'பசி' என்ற சொல் எவ்வளவு வன்முறையானது என்று விளக்கினார். அது மனிதனை வயிறாகச் சுருக்கிவிடுகிறதாம். இனிமேல் 'உணவு எட்டாமை' என்றுதான் சொல்லவேண்டும் என்று தீர்மானமாயிற்று. பிறகு பெயிண்டரை எழுப்பி, அவர் அனுபவத்தைப் பகிரச் சொன்னார்கள்.

"பசிக்குதுங்க," என்று ஆரம்பித்தார் பெயிண்டர்.

"அந்தச் சொல் வேண்டாமே," என்றார் ஆய்வாளர், மிக மென்மையாக.

"சரிங்க. வயிறு..."

"உடம்போட பாகங்களையும் தவிர்த்திடலாம்."

பெயிண்டர் மீதி என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தார். "எட்டலைங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆய்வாளர் எழுந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். ஆய்வாளரின் சட்டையிலிருந்து வறுத்த இறைச்சி வாசனை வந்தது. பெயிண்டர் அந்த அணைப்பிலிருந்து விலக மனமில்லாமல் நின்றதைப் பார்த்து மண்டபமே நெகிழ்ந்தது.

இன்னொரு நாள் 'பட்டினி அனுபவம்' நடந்தது. காலைச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு வந்தவர்கள் மேடையேறி மனம் திறந்தார்கள். ஆலை முதலாளி ஒருவர் குரல் தழுதழுக்கப் பேசினார். "முதல்ல சாதாரணமாத்தான் இருந்தது. அப்புறம் கை லேசா நடுங்கிச்சு. சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்தது. என் டிரைவரைக்கூடத் திட்டிட்டேன். அப்புறம் ஒரு கட்டத்துல... என்னை நானே சந்திச்சேன். என் தொழிலாளிகள் தினமும் தங்களைச் சந்திச்சுக்கிட்டிருக்காங்கன்னு நினைக்கும்போது பொறாமையா இருக்கு." அவருக்குச் சான்றிதழும் கேடயமும் கொடுத்தார்கள். பிறகு அவரை அவசரமாக ஓய்வறைக்கு அழைத்துப்போனார்கள்.

"நமக்கும் குடுப்பாங்களா மாமா, சர்ட்டிபிகேட்டு?"

"உனக்கு எதுக்கு? நீ என்ன விரும்பியா பட்டினி கிடக்கிற?"

ஆனால் கிளீனருக்கு மண்டபத்தில் எதன் மேலும் நாட்டமில்லை, ஒன்றைத் தவிர. நடுக்கூடத்தில், சிவப்புக் கயிறு கட்டிய வேலிக்குள், ஆள் உயரத்துக்கு மேல் ஒரு குவியல். ரொட்டி, முட்டை, பால் பாக்கெட்டுகள், ஆரஞ்சு, ஆப்பிள், தட்டுத் தட்டாகச் சமைத்த சோறு, எண்ணெய் மினுங்கப் பொரித்த மீன். 'இந்த நகரம் ஒரே நாளில் வீணாக்கும் உணவு' என்று மேலே எழுதியிருந்தது. மேலிருந்து விளக்கு அடித்தார்கள். பார்த்தவர்களெல்லாம் தலையை ஆட்டி வருத்தப்பட்டுக்கொண்டே படம் எடுத்தார்கள்.

"இது பிளாஸ்டிக்கா?" என்று கேட்டான் கிளீனர்.

"எல்லாம் அசல்," என்றார் காவலுக்கு நின்ற தொண்டர் பெருமையாக. "தினமும் காலையில புதுசா வாங்கி வைக்கிறோம். வாடினா பாக்கறவங்களுக்குக் குற்ற உணர்ச்சி வரமாட்டேங்குது. அருவருப்புதான் வருது."

"அப்போ முந்தின நாள் வெச்சது?"

"குப்பைக்குப் போயிடும். அதுதானே இந்தக் காட்சியோட கருத்தே."

கிளீனர் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அந்தக் குப்பை எங்கேங்க இருக்கு?"

"பின்னாடி. பூட்டி வெச்சிருக்கோம். யாராவது எடுத்துத் தின்னுட்டா அப்புறம் அது வீணான உணவுன்னு சொல்ல முடியாதே. பொய் சொன்ன மாதிரி ஆயிடும்."

வாரத்தின் கடைசி நாள் 'சமத்துவ விருந்து' என்று அறிவித்தார்கள். எல்லாத் தரப்பும் ஒரே மேசையில், ஒரே சாப்பாடு. செய்தியைக் கேட்டதும் கிளீனருக்கு நடையே மாறிவிட்டது. அன்று காலை டீக்கடைக்காரர் பெயிண்டரைப் பார்த்ததும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். சிநேகத்துக்கும் ஓர் அளவு உண்டல்லவா? பெயிண்டர் வெறுங்கையோடு வந்தார்.

"விடுங்க மாமா. இன்னிக்கு விருந்து," என்றான் கிளீனர்.

மண்டபத்தில் நீள மேசைகள் போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மூடி போட்ட பெரிய பாத்திரங்களை வைத்திருந்தார்கள். மூடியின் ஓரங்களில் ஆவி கசிந்தது. பெயிண்டர் பச்சை மேலங்கிக்காரரிடம் போய்க் கேட்டார். "தம்பி, இவனுக்கு ஊசி போடணும். போட்டா உடனே சாப்பிட்டாகணும். நேரத்துக்குச் சோறு போட்டுடுவீங்கள்ல?"

"பாத்திரம் வந்துட்டுதே ஐயா. இனிமே என்ன? போட்டுக்கச் சொல்லுங்க."

பெயிண்டரும் பாத்திரத்தைப் பார்த்தார். ஆவியைப் பார்த்தார். "போட்டுக்கோ மாப்ள," என்றார். கிளீனர் சட்டையைத் தூக்கி, வயிற்று மடிப்பில் ஊசியைக் குத்திக்கொண்டு, தட்டுக்கு முன்னால் நல்ல பிள்ளையாக உட்கார்ந்தான்.

சிறப்பு விருந்தினர் வரவில்லை. வந்துகொண்டிருக்கிறார் என்று ஒலிபெருக்கி சொன்னது. அதுவரை யாரும் தொடக்கூடாது. சமத்துவம் என்றால் எல்லாரும் ஒரே நேரத்தில் கையை வைக்கவேண்டும் என்று மன்றத்தின் தலைவர் விளக்கினார். கொடையாளர்கள் மட்டும், நாற்காலி முதுகுக்கு ஆகாது என்று, ஓய்வறையில் காத்திருந்தார்கள். அங்கிருந்து கரண்டிச் சத்தம் கேட்டது.

விருந்தினர் வந்தார். எல்லாரும் எழுந்து நின்றார்கள். கிளீனர் எழுந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டதைப் பெயிண்டர் கவனித்தார். வரவேற்புரை. பொன்னாடை. தலைவர் உரை. பிறகு விருந்தினர் ஒலிபெருக்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"நண்பர்களே, பசி காத்திருக்காது!" என்று ஆரம்பித்தார். "நாளைக்கு வா என்று பசியிடம் சொல்ல முடியுமா? முடியாது. இந்த ஒரு வாரத்தில் எத்தனை அமர்வுகள்! எத்தனை உரைகள்! நான் பெருமையோடு சொல்லுவேன், அவற்றில் ஒன்றுகூடச் சாப்பாட்டுக்காகப் பாதியில் நிறுத்தப்படவில்லை!"

கைதட்டல். கிளீனரின் நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. விரல்கள் தட்டின் மேல் தடதடவென்று ஆடின.

"மாப்ள?"

"ஒண்ணுமில்ல மாமா. பேசி முடிச்சிடுவாரு."

பெயிண்டர் எழுந்துபோய்த் தொண்டரிடம் கொஞ்சம் சர்க்கரை கேட்டார். ஒரு கரண்டி போதும். தொண்டர் பதறிவிட்டார். "இது சர்க்கரை இல்லா வளாகம் ஐயா. கரும்பு வெட்டறவங்க படற பாட்டைப் பத்தி முதல் நாளே தீர்மானம் போட்டாச்சே." பெயிண்டர் பக்கத்துப் பாத்திரத்தின் மூடியில் கை வைத்தார். இன்னொரு தொண்டர் அதை மெல்ல அமுக்கி மூடினார். "ஐயா, அவர் உங்களைப் பத்தித்தானே பேசிட்டிருக்கார்? கேக்க வேண்டாமா?"

திரும்பி வந்தபோது கிளீனர் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தான். நாக்கு குழறியது. "அக்கா, தட்டு போடு. மாமா வந்துட்டாரு. ரெண்டு பேருக்கும் போடு." எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். "குடிச்சிட்டு வந்திருக்காரா?" என்று யாரோ கேட்டார்கள். விருந்தினர் பார்வையில் படவேண்டாம் என்று இரண்டு பேர் அவனைக் கைத்தாங்கலாகத் தூக்கிச் சுவரோரம் உட்காரவைத்தார்கள். அவன் உட்காரவில்லை, சரிந்தான்.

பெயிண்டர் ஓடினார். வாசலுக்கு அல்ல, நடுக்கூடத்துக்கு. கயிற்றைத் தாண்டி, அந்தக் குவியலில் கைக்கு எட்டிய முதல் ஆரஞ்சை உருவினார். குவியல் சரிந்தது. பழங்கள் தரையெங்கும் உருண்டு கொள்கைத் தரப்பின் காலடிவரை போயின. முட்டைகள் உடைந்தன. "காட்சிப் பொருள்! காட்சிப் பொருள்!" என்று கத்திக்கொண்டு தொண்டர்கள் வந்து அவரை அமுக்கினார்கள். முழங்காலில் விழுந்தபடியே அவர் ஆரஞ்சின் தோலைப் பல்லால் கிழித்தார். வளைந்த மணிக்கட்டு அதற்குக்கூட ஒத்துழைக்கவில்லை.

"விடுங்கடா! செத்துடுவான்டா!"

"ஐயா, நாங்க உங்க பக்கம்தான்," என்றார் ஒரு தொண்டர், அவர் தோளை அழுத்திப் பிடித்தபடி. "மதிப்பீட்டுக் குழு இன்னும் இதைப் பாக்கலை. அவங்க பாத்துட்டுப் போகட்டும், நானே ஒண்ணு எடுத்துத் தரேன்." ஆரஞ்சை அவர் விரல்களிலிருந்து பிரித்தெடுத்தார்கள். கிழிந்த பக்கம் தெரியாதபடி திருப்பி, மறுபடியும் குவியலின் மேல் வைத்தார்கள். மேடையில் விருந்தினர் ஒரு கணம் பேச்சை நிறுத்தி, "இந்தக் கோபம் நியாயமான கோபம்!" என்றார். கைதட்டல் பலமாக இருந்தது.

அவரை விட்டபோது கிளீனரின் பல் கிட்டிப்போயிருந்தது. யாரோ வெளியே ஓடிப்போய் டீக்கடையிலிருந்து சர்க்கரைத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். அது கடைவாயில் வழிந்து சட்டைக்குள் போயிற்று. ஆம்புலன்ஸ் சீக்கிரமே வந்தது. ஆனால் வாசலில் விருந்தினரோடு வந்த கார்கள் வரிசையாக நின்றன. டிரைவர்கள் ஓய்வறையின் பின்பக்கம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கை கழுவி வரவேண்டியிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துணியை இழுத்து முகத்தை மூடுவதற்கு முன், "கடைசியா என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார்.

"இன்னிக்கு விருந்துங்க," என்றார் பெயிண்டர்.

டாக்டர் என்ன எழுதிக்கொண்டாரோ தெரியாது.

மன்றம் இதைச் சும்மா விடவில்லை. விசாரணைக் குழு அமைத்தது. குழு ஓய்வறையில் பல முறை கூடி, எல்லாப் பாத்திரங்களிலும் போதுமான உணவு இருந்ததை உறுதி செய்தது. விருந்து தாமதமாகவில்லை, நிகழ்ச்சிதான் நீண்டது என்றும், பசித்த தரப்பைச் சேர்ந்த ஒருவர் விருந்து தொடங்குவதற்கு முன்கூட்டியே இறந்துவிட்டார் என்றும், வருங்காலத்தில் காட்சிப் பொருளைச் சுற்றிக் கயிற்றுக்குப் பதிலாகக் கண்ணாடி வைக்கவேண்டும் என்றும் முடிவு கண்டது. பெயிண்டரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் படித்துக் காட்டினார்கள்.

"நீங்க ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்டார் செயலாளர். அவர் உண்மையாகவே அழுதிருந்தார். கண் வீங்கியிருந்தது.

பெயிண்டர் மேசையைப் பார்த்தார். அந்த மேசையில் பிஸ்கட் தட்டு இருந்தது. அவர்களுடைய அறையில் அவன் படுத்த பாய் இன்னும் சுருட்டப்படாமல் கிடந்தது. சண்டை போட ஆளில்லாத அறை எவ்வளவு பெரிதாக இருக்கிறது என்று அவர் இந்த நாள்களில்தான் கண்டுகொண்டிருந்தார். 'போட்டுக்கோ மாப்ள' என்ற தன் குரல் வேறு விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.

"ஒரு ஆரஞ்சு, அம்மா," என்றார். "ஒரு ஆரஞ்சுல பொழைச்சிருப்பான்."

செயலாளர் உதட்டைக் கடித்துக்கொண்டார். மிகுந்த தயக்கத்தோடு கேட்டார். "இதை அடுத்த வருஷத்துக்குத் தலைப்பா வெச்சுக்கலாமா? 'ஒரு ஆரஞ்சு'. உங்களுக்குச் சம்மதம்னா மட்டும்."

பெயிண்டர் எழுந்து வெளியே போனார். அவர் மறுக்கவில்லை என்று குறித்துக்கொண்டார்கள்.

வாரம் முடிந்த பிறகும் திறக்கப்படாத சமையற்கூடத்திலேயே இரங்கல் கூட்டம் நடந்தது. அந்த ஒரு நாளைக்குச் சோபாக்களை ஓரம் தள்ளி, பூட்டைத் திறந்துவிட்டிருந்தார்கள். சுவரில் கிளீனரின் படம் பெரிதாக்கி மாட்டப்பட்டிருந்தது. கழுத்தில் அட்டையோடு, தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் படம். அவனிடம் வேறு படம் இல்லை. துக்க வீட்டில் நீண்ட பேச்சு நன்றாயிருக்காது என்று யாரோ நல்ல மனதோடு சொல்லியிருக்கவேண்டும். ஒரு நிமிட மௌனம், உடனே சாப்பாடு. மன்றம் தன் வரலாற்றில் நேரத்துக்குப் போட்ட முதல் சாப்பாடு அதுதான்.

செய்தி தெருவெல்லாம் பரவி, வழக்கமாக மதியத்துக்கு வரிசையில் நிற்கிறவர்கள் அத்தனை பேரும் வந்துவிட்டார்கள். காய்வண்டிக்காரி வந்தாள். செருப்புத் தைக்கிறவர் மகளோடு வந்தார். இருமலை வைத்துக்கொண்டு வேலையை இழந்த வாட்ச்மேன், நிதானமாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். சூடான சோறு, குழம்பு, ஒரு துண்டு மீன், தயிர். மென்று விழுங்குகிற சத்தம் மட்டும்.

பெயிண்டர் சாப்பிடக்கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருந்தார். தட்டை வைத்தார்கள். ஆவி முகத்தில் அடித்தது. கை தானாகப் போயிற்று. பிறகு அவர் நிறுத்தவில்லை. இன்னொரு தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார். மேலே படத்தில் இருந்தவனை அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்க வெட்கமாக இருந்தது, ஆனால் சாப்பாடு நன்றாக இருந்தது.

சாப்பாடு முடிகிற தறுவாயில் காய்வண்டிக்காரி எழுந்து நின்று, "அம்மா, நாளையிலேருந்து இங்கே போடுவீங்களா?" என்று கேட்டாள்.

செயலாளர் வருத்தத்தோடு தலையசைத்தார். "தினசரி உணவுங்கிறது எங்க கொள்கைக்கு ஒத்துவராதும்மா. ஆனா ஒண்ணு சொல்றேன். இன்னிக்கு உங்க எல்லாரையும் இப்படி ஒண்ணாப் பாத்தப்போ எனக்கே மனசு நிறைஞ்சு போச்சு. அதனால மன்றம் ஒரு முடிவெடுத்திருக்கு. இனிமே பசித்த தரப்புல யார் மறைஞ்சாலும், எத்தனை பேர் மறைஞ்சாலும் சரி, அவங்க நினைவா இதே மாதிரி ஒரு நினைவு உணவு கண்டிப்பா நடக்கும். நீங்க எல்லாரும் தாராளமா வரலாம்."

கொடையாளர்கள் கைதட்டினார்கள். பிறகு கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின.

பந்தியில் யாரும் எழுந்திருக்கவில்லை. தட்டுகளை வழித்துக்கொண்டே அவரவர் 'யார் மறைஞ்சாலும்' என்ற அந்த வார்த்தையை மனதுக்குள் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போது வாட்ச்மேனுக்கு இருமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, தோளைக் குலுக்கி, கண்ணில் நீர் வரவைத்து, ஒருவழியாக அடங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது, வரிசை மொத்தமும் தன்னையே பார்த்துக்கொண்டிருப்பதை அவர் கண்டார். காய்வண்டிக்காரி பார்த்தாள். செருப்புத் தைக்கிறவரின் மகள் பார்த்தாள். பெயிண்டரும் பார்த்தார்.

"என்னத்துக்குடா எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார் வாட்ச்மேன். "எனக்கு ஒண்ணுமில்ல. நான் நல்லாத்தான் இருக்கேன்."

பெயிண்டர் சட்டென்று கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். அவர் தட்டில் மீன் துண்டில் பாதி மிச்சமிருந்தது. அதை எடுத்து வாட்ச்மேனின் தட்டில் வைத்தார்.

"சாப்பிடுங்கண்ணே," என்றார். "சும்மாத்தான் பாத்தோம்."